கோட்டை வாசலில் ஒட்டிய படம்

பென்டில் ஹில்,
சிட்னி.

அன்பு மகள் லக்சிகாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் மருமகன் நிரோஜனும், மூன்று மாத விசாவில் ஊரிலிருந்து உங்களிடம் வந்திருக்கும் அம்மாவும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்பா, அதனால்தான் கடிதம். தனியாய் இருந்து வாசி.

பிரான்சின் நாட்டுப்புறத்துக் கோட்டைகள் பார்க்கப் போன படங்கள் எல்லாம் கிடைத்தன. ஷம்போர் கோட்டையில் இரண்டு படிக்கட்டுகள் பின்னிக்கொண்டு போகுமாம், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் சந்திக்கவே மாட்டார்களாம், இடையில் உள்ள சன்னலால் முகம் மட்டும் தெரியுமாம், எந்த ராஜாவின் மூளையோ என்று எழுதியிருந்தாய். பதின்மூன்று வருசமாய் நானும் அம்மாவும் போனில் முகம் மட்டும்தான் பார்க்கிறோம், எங்களுக்கு எந்த ராஜாவும் தேவைப்படவில்லை. அம்மா உங்களிடம் வந்து இறங்கிய அன்றைக்கே நான் லோயரிடம் ஓடினேன். இரண்டு கிழமை போய் அவவைப் பார்த்துவிட்டு வர வழி உண்டா என்று கேட்டேன். படகில் வந்து இந்தத் தற்காலிக விசாவில் இருப்பவர் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது, அகதிக் கேஸும் அதோடு சரி என்றார். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தபோது வேலியாவது கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த நிலையில்தான் நீ லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு ஸ்டூடியோவில் கொடுத்து, கோட்டை வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் என்னை ஒட்டுவித்து அனுப்பினாய். கலியாண ஆல்பத்தில் வர முடியாத சொந்தங்களை நம்மாட்கள் இப்படித்தான் ஒட்டுகிறார்கள், உன்னில் பிழையில்லை. பழைய படத்தைக் கொடுத்துவிட்டாய் போலிருக்கிறது, கறுத்த தலையோடு அம்மாவின் தம்பி மாதிரி நிற்கிறேன். பிழை விட்டது நான். சந்தோசத்தில் ஒரு விளக்கமும் எழுதாமல் அதை ஊரிலிருக்கும் உன் சிவனேஸ்வரி பெரியம்மாவுக்கு அனுப்பினேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக அவ நேர்த்தி வைத்திருந்தா. படத்தைப் பார்த்தவுடன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் உடைத்துவிட்டு, பிறகு போன் எடுத்து, இனி எனக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி என்று அழுதா. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஓம் அக்கா என்றுதான் வந்தது. கொடுக்காத வரத்துக்கு நேர்த்தி தீர்த்தாயிற்று, இனிப் பிள்ளையாரிடம் எந்த முகத்தோடு போய்த் திரும்பக் கேட்பது? நீயே பெரியம்மாவுக்கு மெல்லச் சொல்லு, என்னால் முடியவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. படங்களை ஒவ்வொன்றாய்ப் பெருப்பித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அம்மா எங்கேயாவது உட்கார்ந்திருக்கிறா, கதிரையில், மதிலில், காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு. நிற்கிற ஒரே படம் அந்த வாசல் படம், அதிலும் ஒரு கை சுவரைப் பிடித்திருக்கிறது. கேட்டால் சும்மா கால் உளைவு என்பா. அவவின் சும்மாவை எனக்கு முப்பத்திரண்டு வருசமாய்த் தெரியும். இருபத்திரண்டாம் திகதி அவ ஊருக்குப் பிளேன் ஏற முன்னம் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. டொக்டர் என்ன சொன்னாலும் எனக்கு மறைக்காதே. அறிந்து இவர் என்ன செய்யப் போகிறார் என்று நினைப்பாய். ஒன்றும் செய்ய ஏலாதுதான். அறிந்துகொண்டாவது இருக்கிறேனே.

நீயும் நிரோஜனும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும். அங்கே குளிர் தொடங்குகிறது, அம்மாவுக்குக் காலுறை போட்டுவிடு.

மறக்காமல் ஒன்று செய். இத்துடன் என் புதுப் படம் வைத்திருக்கிறேன், என்னோடு அறையில் இருக்கும் அருந்தவன் ஹரிஸ் பார்க் தெருவோரத்தில் எடுத்தது. நரை நரையாகவே இருக்கட்டும், பழையதை எடுத்துவிட்டு இதை ஒட்டச் சொல்லு. ஒரு கையை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஏன் அண்ணை என்று கேட்டு அருந்தவன் சிரித்தான். அந்தக் கை அம்மாவின் முழங்கைக்குக் கீழே வரவேண்டும் என்று ஸ்டூடியோக்காரனிடம் சொல்லு. உயரம் சரியாய்த்தான் இருக்கும்.

அன்புள்ள அப்பா,
தேவராஜா