தேனை வழித்தெடுத்த பிறகு

மார்ச் 4, செவ்வாய்

குரல், டிரம், கிட்டார் எல்லாவற்றையும் அளவு பார்த்துக் கலந்து நான் கொடுத்த மிக்ஸ் திரும்பி வந்துவிட்டது. சீனியர் அக்கா அதைத் தன் காரில் போட்டுக் கேட்டிருக்கிறார். "பூனை, பேஸ் எல்லாம் எங்க போச்சு? டிரம்மு தீப்பெட்டியத் தட்டுற மாதிரி இருக்கு." ஸ்டுடியோவில் என் பெயர் பூனை. நான் நடந்து வருவது யாருக்கும் கேட்பதில்லையாம்.

ஆனால் என் ஹெட்போனில் அந்த டிரம்மின் பேஸ், அந்த அடித்தொனி, நெஞ்சில் இடித்தது. சத்தியமாக இடித்தது.

இந்த மாதத்தோடு என் பயிற்சிக் காலம் முடிகிறது. இந்த ஒரு பாட்டைத் தனியாக மிக்ஸ் செய்து காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் –

மார்ச் 5

என் பயத்தை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அப்பாவின் லேத் பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்போம். அப்பாவுக்கு வலது காது பாதிதான் வேலை செய்கிறது. எனக்கும் அப்படி ஏதாவது ஆகியிருந்தால்? காதே கோணலென்றால் பட்டம் வாங்கி என்ன பயன்? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பொண்ணு சவுண்ட் இன்ஜினியர்" என்று சொல்லி வைத்திருக்கிறார் அப்பா.

மார்ச் 7, வெள்ளி

அக்கா என் ஹெட்போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கேக்குற எல்லாத்து மேலயும் தேனைத் தடவிக் குடுக்குது. பேஸ அதுவா ஏத்திக் காட்டுது. அதை நம்பி நீ குறைச்சு வெச்சிருக்க." இந்த மாடலை யாரோ செயற்கைக் காதில் மாட்டி, எந்தச் சுரத்தில் எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று அளந்து வைத்திருக்கிறார்களாம். அதே அளவைத் தலைகீழாகப் போட்டால் தேன் வழிந்து போய்விடும். திருத்தம் என்கிறார்கள். என் கணினியில் வரும் ஒலி முழுவதற்கும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கல்லூரியில் நான்கு வருடம் தினமும் கேட்ட பாட்டை ஓடவிட்டேன். முதலில் ஏமாற்றம். டிரம் சிறுத்துவிட்டது. ஏதோ திருடு போன மாதிரி.

பிறகு – எப்படி எழுதுவது? அந்த டிரம்முக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பாடுகிறவள் மூன்றாவது வரிக்கு முன் மூச்சை இழுக்கிறாள். யாரோ நாற்காலியில் அசைகிறார்கள். மரம் கிறீச்சிடுகிறது. நான்கு வருடமாக அவர்கள் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். நான்தான் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் பொறுமையாக அளந்ததால் இன்று எனக்கு ஒரு நாற்காலி கேட்கிறது.

மார்ச் 10

மிக்ஸ் செய்யும் மென்பொருளுக்குள்ளும் இதே திருத்தத்தை ஒரு பிளகினாக, அதாவது கூடுதலாகச் செருகும் சின்ன நிரலாக, போடலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். "பாட்டை ஃபைலா வெளிய எடுக்கும்போது மட்டும் அணைச்சிடணும். இல்லன்னா திருத்தமும் பாட்டோட ஒட்டிட்டுப் போயிடும்." இன்று போட்டேன். மறக்காமல் அணைத்துவிட்டு ஃபைலை எடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

"அம்மாடி, இது பாட்டா, இல்ல மாடில கட்டில நகத்துறாங்களா?"

இந்த முறை பேஸ் கூடிவிட்டதாம். அப்போது குறைவு, இப்போது அதிகம். அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

காதுதான். வேற என்ன? எல்லாம் முடிஞ்சுது. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

மார்ச் 14

வேலை ஓடவில்லை. ஆறுதலுக்கு அந்தக் கல்லூரிப் பாட்டை இணையத்தில் ஓடவிட்டேன். அறை, மூச்சு, நாற்காலி எல்லாம் இருந்தன. எங்கள் மிக்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அதையே மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டேன்.

காகிதம். வெறும் காகிதம் மாதிரி ஒலித்தது!

ஒரே பாட்டு, ஒரே ஹெட்போன். வெளியே ஒரு குரல், உள்ளே ஒரு குரலா? மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. அப்போதுதான் உறைத்தது – கணினி ஒரு முறை தேனை வழிக்கிறது. என் பிளகின் இன்னொரு முறை வழிக்கிறது, தோலோடு சேர்த்து. அந்தக் காகிதத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் பேஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். இரண்டில் ஒன்றுதான் போட வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டையும் போட்டுவிட்டேன்.

பிளகினைத் தூக்கினேன். மென்பொருளுக்குள்ளும் நாற்காலி கிறீச்சிட்டது.

அழுகை வந்தது. பிழையைக் கண்டுபிடித்ததே இந்தக் காதுதானே?

மார்ச் 18

திருத்திய மிக்ஸைப் போட்டுக் கேட்ட அக்கா காரிலிருந்து இறங்கவே இல்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

மார்ச் 23, ஞாயிறு

அப்பாவின் தலையில் ஹெட்போனை மாட்டி நான் செய்த பாட்டைப் போட்டேன். சரியாகக் கேட்காத காதுப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரு இங்க மூச்சு விடறது?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பாடுறவங்கப்பா."

"என்ன?"

"பாடுறவங்க!"

அப்பா மறுபடி திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தும் கழற்றவில்லை.

ஏப்ரல் 7

அக்கா தன் புது மிக்ஸை என் மேசைக்கு அனுப்பினார். "ரெண்டு நாளா இதையே கேட்டு என் காது மரத்துப்போச்சு. நீ கேட்டுட்டுச் சொல்லு. அப்புறம்தான் வெளிய போகும்."

கேட்டேன். இரண்டாவது சரணத்தில் கிட்டார் குரலை மிதிக்கிறது என்றேன்.

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஹெட்போனைக் கழற்றாமலே பேசியிருக்கிறேன். எங்கள் வீட்டில் உப்பு கேட்கிற சத்தத்தில்.

"பூனைக்கு இவ்ளோ குரலா!" என்றபடி அக்கா கிட்டாரைக் குறைத்தார்.