விசில் ஊத மூச்சு வேண்டும்

செங்கல்பட்டு - மாமல்லபுரம் ரூட்டில் ஊரையே "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டிவிட்டு, தங்கச்சிக்கு மட்டும் ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்த என் அண்ணனுக்கு,

அண்ணியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பதறாமல் கடைசி வரைக்கும் படி. உனக்குப் பொறுமை ஏது என்று தெரியும். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிறவர்களை நீ முறைக்கிற முறைப்பை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் படி.

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என் தையல் கடை அப்படியே இருக்கிறது. உன் ரூட்டில் இப்போது ஷேர் ஆட்டோவும் ஓடுகிறது. ஆட்களை அடைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் நீ வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருப்பாய். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாகிறது, அண்ணா?

உனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அதை ஒரு பரீட்சையாகத்தான் நீ நடத்தினாய். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்கு ரெண்டு மூணு நாள் முன்னாலிருந்து ராத்திரிக்குக் கஞ்சி, காலையில் நடை, வேளை தவறாமல் மாத்திரை. ரிசல்ட் நன்றாகவே வரும். "பாஸ் மல்லிகா" என்று படிக்கட்டில் தொங்கியபடியே கத்தி, ஜாங்கிரிப் பொட்டலத்தைக் கடைக்குள் வீசிவிட்டுப் போவாய். அதில் பாதி ஏற்கெனவே உன் வயிற்றுக்குள் போயிருக்கும். நம் குடும்பத்தில் பரீட்சையில் பாஸானவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மறுநாளிலிருந்து அடுத்த டெஸ்ட் வரைக்கும் மாத்திரை டப்பா அலமாரியில் தூங்கும்.

அப்புறம் நீ இளைக்க ஆரம்பித்தாய். ரெண்டு சீட்டுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும் தொப்பை காணாமல் போயிற்று. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்து பெருமையாகக் காட்டினாய். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, அதனால்தான் உடம்பு இறங்குகிறது என்றாய். டிரைவரிலிருந்து டீக்கடைக்காரர் வரை உன்னைப் பாராட்டாதவர்கள் இல்லை. இருமலை மட்டும் ரோட்டுப் புழுதியின் கணக்கில் எழுதினோம். விசில் ஊதினால் இருமல் வருகிறது என்று, கையால் பஸ் தகரத்தைத் தட்டிச் சமாளித்துக்கொண்டாய்.

கைக்குட்டையில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டிபி என்றார்கள். கவனிக்காமல் விட்ட சர்க்கரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டது, கிருமிக்கு அது வசதியாகப் போயிற்று என்று டாக்டர் விளக்கினார். சர்க்கரையை அடக்கினால்தான் டிபி மாத்திரை ஒழுங்காக வேலை செய்யும், அதற்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள் என்றார். நீ கேட்டாயா?

"ஊசின்னாலே கடைசி ஸ்டாப்பு சார். நான் இன்னும் எறங்கல" என்றாய். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டிபி மாத்திரையை விழுங்கினாய், ஊசியை ஒதுக்கினாய். நினைவு தப்பிப் படுத்த பிறகுதான் உனக்கு அதைப் போட முடிந்தது. அந்த வாரமே நீ போய்விட்டாய். ஊசி வந்தது, உயிர் போனது என்று நம் வீட்டில் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. உன்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்?

நீ போய்க் கொஞ்ச வருஷத்தில் அண்ணிக்கும் சர்க்கரை வந்தது. பூஞ்சேரி வீட்டிலிருந்து மாமல்லபுரம் போய் ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். உன் பெண்டாட்டி அல்லவா, உன் வழியையே பிடித்துக்கொண்டாள். டெஸ்டுக்கு முன்னால் பட்டினி, ரிசல்ட் வந்ததும் கேசரி.

போன தீபாவளிக்கு அவளுக்கு ரவிக்கை தைத்தேன். பொங்கலுக்கு அதையே எடுத்துவந்து, தோளில் நிற்கவில்லை, பிடித்துக் கொடு என்றாள். பிடித்துக் கொடுத்தேன். மாசி பிறந்ததும் மறுபடி அதே ரவிக்கையோடு வந்தாள். இளைத்த பிறகு வயசு குறைந்த மாதிரி இருக்கிறதென்று ஓட்டலில் சொல்கிறார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்தது. அடுப்புப் புகை என்றாள்.

அண்ணா, என் கையில் இருந்தது ரவிக்கை, கண்ணுக்குத் தெரிந்தது உன் பெல்ட். கல்யாண வீட்டுத் துணி மிஷினில் பாதியில் நின்றது. நிற்கட்டும் என்று ஷட்டரை இழுத்துவிட்டு, அவளைச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு உன்னை வேண்டிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் சளியையும் பார்த்தார்கள், சர்க்கரையையும் பார்த்தார்கள். டிபியும் இருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டர் சின்னப் பெண், நிதானமாகப் பேசினாள். டிபி மாத்திரை சாப்பிடும்போது சில சர்க்கரை மாத்திரைகளின் வேகம் குறைந்துவிடுமாம். அதனால் இப்போதைக்கு இன்சுலின், டிபி குணமான பிறகு மாத்திரைக்கே திரும்ப முடியுமா என்று பார்க்கலாம் என்றாள். இன்சுலின் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அண்ணி எழுந்துவிட்டாள்.

"அவுருக்கும் ஊசி போட்டாங்க. இன்னா ஆச்சு? ஒரு வாரம் தாங்கல. எனுக்கு ஒண்ணும் வாணாம். வூட்டுக்குப் போலாம் வா."

அப்போது என் வாயில் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"அண்ணன் ஊசி போட்டுக்கினு சாவல அண்ணி. போட்டுக்க மாட்டேன்னு சொல்லிக்கினே இருந்துதான் செத்துச்சு."

இத்தனை வருஷத்தில் சாவு என்ற வார்த்தையை உன்னைப் பற்றி நான் சொன்னதே இல்லை. போய்விட்டாய் என்றுதான் சொல்வேன். அண்ணி என்னை அடிக்க வருகிற மாதிரி பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் பெண் அதற்குள் ஊசியைத் தயார் செய்தாள். அழுது முடித்த அண்ணி ஒரு கையை நீட்டினாள். நான் தைத்த ரவிக்கைதான், தொளதொளவென்று இருந்ததால் கையை ஏற்றிவிடச் சிரமமே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று முதல் நாளே அலறிக்கொண்டு கடைக்கு வந்தாள். அது மாத்திரையின் நிறம், பயப்படாதே என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. இன்சுலின் பாட்டிலை ஒரு டப்பாவில் போட்டு, மண்பானைத் தண்ணீரில் மிதக்க விட்டோம். நர்ஸ் கண்ணெதிரில் டிபி மாத்திரை விழுங்க வேண்டும் என்பதால் ஏமாற்று வேலைக்கும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தாள். இது டம்ளரில் ஒட்டுகிற நோயில்லை என்று நான் தெருவில் நின்று கத்தியது உனக்கே கேட்டிருக்கும். சளியில் கிருமி இல்லை என்று ஆனதும் ஓட்டல்காரர் மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனுஷன்.

உனக்கு ஒரு கெட்ட செய்தியும் உண்டு. ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது. உன் கஞ்சி, நடை எதுவும் அதனிடம் பலிக்காது. கேளம்பாக்கத்தில் ஒரு லேபுக்கு அண்ணியைக் கூட்டிப்போனேன். எத்தனை நாள் முன்னாலிருந்து பட்டினி கிடக்க வேண்டும் என்றுதான் அவள் முதலில் கேட்டாள்! ரிசல்ட் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் நன்றாக இறங்கியிருந்தது, டாக்டர் பெண்ணுக்குத் திருப்தி.

போன வாரம் டிபி மாத்திரை முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உன் விசிலை எடுத்தாள். நீ போன நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. வெந்நீரில் போட்டுக் கழுவித் துடைத்து, வாசலுக்கு வந்து வாயில் வைத்தாள். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி மூச்சை இழுத்து ஊதினாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ ஒன்று பிரேக் போட்டு நின்றது.

"நிறுத்திட்டான் பாரு" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருமல் வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரவில்லை, அண்ணா.

கூட இருந்தவள் என்று என்னையும் பரிசோதித்தார்கள். டிபி இல்லை. சர்க்கரை வாசற்படியில் நிற்கிறதாம். அதனால் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். டெஸ்டுக்கு முந்தின நாள் எனக்கும் அண்ணிக்கும் மற்ற நாளைப் போலவேதான் இருக்கும். உள்ளது உள்ளபடி வரட்டும், வந்ததைப் பார்த்துக்கொள்கிறோம். ஊசி என்றால் ஊசி. நம் வீட்டில் இனி யாரும் பாஸாக வேண்டாம், இருந்தால் போதும்.

உன் ஜாங்கிரியில் எப்போதும் பாதி மட்டுமே கிடைத்த தங்கச்சி,
மல்லிகா