உதட்டில் தெரியும் பேச்சு

நீஸ், மார்ச் 1924

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், படம்தான் நலமில்லை. நாயகி சொலாஞ்சுக்கும் நாயகனுக்கும் ஆகாது. ஊமைப்படம்தானே என்ற தைரியத்தில், கண்ணீரோடு அணைக்கும் காட்சியில் அவள், "பூண்டு தின்னுட்டு வந்திருக்கியே, மூதேவி!" என்கிறாள். "உன் மூஞ்சிக்கு இது போதும்டி" என்கிறான் அவன். இயக்குநரோ, "அற்புதம்!" என்று உருகுகிறார்.

"காது கேட்காதவங்க உதட்டைப் படிச்சிடுவாங்க" என்று அவரிடம் சொன்னேன்.

"எவன் கண்டுபிடிப்பான்? நீ பிலிமை வெட்டி ஒட்டுற வேலையைப் பாரும்மா."

நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். என் முதல் படத்தில் உங்களுக்கு இந்த வசவுதானா?

போன வாரம் ரயிலடிக் காட்சிக்கு ஆள் குறைந்ததால் இயக்குநர் என்னையும் கூட்டத்தில் நிறுத்தி, ஏதாவது பேசச் சொன்னார். உங்களை நினைத்து ஒன்று சொன்னேன். அந்தத் துண்டை நான் வெட்டவில்லை.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். இங்கே நல்ல வெயில்தான், இருந்தாலும் அனுப்புங்கள். தபால்காரர் காத்திருக்கிறார். நான் சொன்னதைத் திரையில் படித்துக்கொள்ளுங்கள். அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் மகள் பெர்த்