குடைக்காரன் தாண்டிப் போன தெரு

மார்ச் 4, செவ்வாய்

மதியம் முதலாளி வந்து என் மேசைமேல் உட்கார்ந்தான். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இருபத்தாறு வயதில் செய்ததை ஐம்பதிலும் செய்கிறான், மேசைதான் பாவம். நாங்கள் மூன்றே பேராக இருந்தபோது கேலிக்கு வைத்த பெயர் 'முதலாளி'. இன்று கீழ்த் தளத்தில் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். கேலி உண்மையாகிவிட்டது.

“குடைக்காரனை மறுபடி எறக்கப் போறோம்டா. பழைய கேமையெல்லாம் ஜனங்க தேடித் தேடி ஆடறாங்க. அதைப் பெத்தவன் நீ, நீயே தூசி தட்டு” என்றான்.

இருபத்து மூன்று வருடமாயிற்று. குடையோடு ஒருவன் கூரைக்குக் கூரை தாவுவான். குடையை விரித்தால் மிதப்பான், மடக்கினால் தொப்பென்று விழுவான். ஆறு லெவல். நிரல் எழுதியது நான், படம் வரைந்தது என் தம்பி. மற்ற எல்லாமும், சத்தம் போடுவது உட்பட, முதலாளி.

சரி என்றேன். உள்ளுக்குள் ஒரே குஷி. முகத்தில் காட்டவில்லை, காட்டினால் பத்து நாளில் முடி என்பான்.

மார்ச் 5, புதன்

பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். கனம் முதுகைப் பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்தாள், இலவசமாகத் திட்டும் கிடைத்தது.

ஆன் செய்ததும் அந்த விசிறிச் சத்தம்! அப்படியே எங்கள் முதல் அலுவலகமான சலவைக் கடை மாடிக்குப் போய்விட்டேன். கீழே இஸ்திரி போடுவார்கள், ஆவி பலகைத் தரை வழியாக மேலே வரும், மதியத்தில் தரையே வெதுவெதுப்பாக இருக்கும். மூன்று பேருக்கு இரண்டு நாற்காலி. தம்பி தரையில் குப்புறப் படுத்துத்தான் வரைவான். கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி. வண்ணம் தீட்டி முடித்து, ஒவ்வொரு கட்டமாக எண்ணிக் கணினியில் ஏற்றுவான். வாய் திறக்க மாட்டான், பென்சில் சத்தம் மட்டும் வரும். அவனுக்கு அப்போது இருபத்தோரு வயது. எவ்வளவு நல்லா இருந்துச்சு அந்த நாளெல்லாம்!

மார்ச் 6, வியாழன்

குடைக்காரன் என்றால் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது குறுக்கு வழிதான். இரண்டாம் லெவலில் மூன்றாவது புகைபோக்கி. அதன்மேல் நின்று குடையை மடக்கிக் கீழே அழுத்தினால் உள்ளே விழுந்து நேராக ஐந்தாம் லெவலில் போய் நிற்பான். மூன்றும் நாலும் மாயம். இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறார்கள், அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

அன்றைக்கு யாரும் கொண்டாடவில்லை. அது இருக்கவே கூடாத வழி. விளையாட்டு வெளிவந்த இரண்டாவது வாரம் ஒரு பத்திரிகையில், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் கேம் என்று எழுதிவிட்டார்கள். கடைக்காரர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி குதித்த குதியில் கீழே இஸ்திரிக்காரர் மேலே வந்து பார்த்தார்.

நான் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகமிருக்கிறது. “கூரை வரையறதும் வாசல் குறிக்கறதும் அவன் வேலை. அவனைக் கேளு.” பிறகு தம்பியிடம் திரும்பி, “உன் கை சும்மாவே இருக்காதா?”

அவன் நோட்டைப் பார்த்தபடி, “இருக்கலாம்ணா. நான்தான் அந்த வழியை விட்டிருப்பேன்” என்றான்.

அடுத்த மாதம் வேலையை விட்டான். பேருந்துப் பணிமனையில் சேர்ந்து நேர அட்டவணை போட ஆரம்பித்தான். இன்றும் அதேதான். அதற்குப் பிறகு அவன் எதையாவது வரைந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

நான்தான்.

மார்ச் 8, சனி

நேற்று ஒரு வரிக்குமேல் எழுத முடியவில்லை.

புகைபோக்கியைத் திறக்கும் நிரல் என்னுடைய கோப்பில் இருக்கிறது. மேலே நான் எழுதி வைத்த குறிப்பு: '5வது லெவல் சோதனைக்கு. வெளியிடும் முன் எடுக்கணும்!!!' மூன்று ஆச்சரியக்குறி. கீழே என் இனிஷியல், தேதி. தம்பி அந்தக் கோப்பைத் தொட்டதே இல்லை. தொடத் தெரியவும் தெரியாது.

தேதியைப் பார்த்ததும் புரிந்தது. மறுநாள் எனக்குக் கல்யாணம். ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது இது நினைவிலேயே இல்லை. அப்புறம்கூட, அவனைப் பார்த்துக் கையை நீட்டின அன்றைக்காவது ஒரு தடவை என் கோப்பைத் திறந்து பார்த்திருக்கலாமே? பார்க்கவில்லை. நான் தப்பே செய்யமாட்டேன் என்று அவ்வளவு திமிர்.

மனைவியிடம் சொன்னேன்.

“போய்ச் சொல்லுங்க” என்றாள்.

“என்னன்னு?”

“என்னன்னா? நான்தான்னு.”

அவளுக்கு எல்லாமே சுலபம்.

மார்ச் 11, செவ்வாய்

பணிமனைக்குப் போனேன். சொல்லவில்லை.

தம்பி மேசை முழுக்கத் தடம் எண்கள், அளவுகோல், சிவப்பு மை. “என்னண்ணா, இந்தப் பக்கம்? அண்ணி நல்லா இருக்காங்களா?” என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரித்தான். எங்கள் பேச்சு எப்போதும் இந்த அளவுதான். போகிற போக்கில் இரண்டு வார்த்தை, அத்தோடு சரி.

ஓர் ஓட்டுநர் கையெழுத்துப் போட வந்தார். என்னிடம், “சாரை உங்களுக்குத் தெரியுமா? குடைக்காரன் கேம்ல அந்தப் புகைபோக்கி வச்சதே சார்தான்! சின்ன வயசுல நாங்கல்லாம் அதுலயே விழுந்து விழுந்து போவோம். நடுவுல என்ன இருக்குன்னே பார்த்ததில்ல, நேரா அஞ்சாவது!” என்றார். கண்ணெல்லாம் சிரிப்பு.

தம்பி சிரித்தான், பாதிதான். கூச்சம் என்று நினைத்தேன்.

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். திட்டு வாங்கித் தந்த பழி, இன்று அவனுக்குப் பேர் வாங்கித் தருகிறதே. உண்மையைச் சொன்னால் பழியோடு சேர்த்துப் பேரையும் பிடுங்கினவன் ஆவேனா? இல்லை, இது என் கோழைத்தனம் கண்டுபிடித்த சாக்கா?

சாக்குத்தான்.

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். பணிமனைக்கு எதிரில் உள்ள தேநீர்க் கடையில்.

“அந்தக் குறுக்கு வழிய வச்சது நான்தான்டா. என் ஃபைல்ல என் இனிஷியலோட இருக்கு. பழிய உன் மேல போட்டுட்டேன்.”

கரைந்துபோன சர்க்கரையை மறுபடி கலக்கிக்கொண்டே இருந்தான். “நிஜமாவா? நான்தான்னு நானே நம்பிட்டேண்ணா. எப்ப விட்டேன், எப்படி விட்டேன்னு எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன். ஞாபகமே வராது. வராததுக்குக் காரணம் இப்பல்ல தெரியுது.” சிரிக்கக்கூடச் செய்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு கேட்டான். “எதுக்குண்ணா வச்சே?”

“அஞ்சாவது லெவல்ல பனி மேல வழுக்கறதைச் சரி பார்க்கணும். ஒரு நாளைக்கு அம்பது தடவை. ஒவ்வொரு தடவையும் மூணு, நாலுன்னு தாவிப் போக யாரால முடியும்?”

“அப்ப மூணாவது லெவலை நீ ஆடவே இல்லையா?”

“அந்த லெவலை முதலாளிதானே சரி பார்த்தான்...”

“சரி, கேம் வெளிய வந்தப்புறம்?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“இருபத்து மூணு வருஷத்துல ஒரு தடவைகூடவா?”

எழுந்துகொண்டான். “எட்டு மாசம்ணா. அந்த ஒரு லெவலுக்கு எட்டு மாசம்.” தேநீர்க் காசை மேசைமேல் வைத்தான். “பஸ் கிளம்பற நேரம்” என்று போய்விட்டான். அட்டவணை போடுகிறவனுக்கு எந்த பஸ் கிளம்புகிறது?

நான் எதுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன், எங்க போய் மாட்டிக்கிட்டேன். பழியை மன்னிச்சுட்டான். இதை மன்னிக்க மாட்டான் போல. அவன் தரையில படுத்து வரையறப்போ நான் அதே அறையிலதானே இருந்தேன்? எட்டு மாசத்துல ஒரு நாள் குனிஞ்சு, என்னடா வரையறேன்னு கேட்டேனா?

மார்ச் 16, ஞாயிறு

போன் எடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

எடுக்கவில்லை. முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். “இப்ப போய் இதைக் கிளறி என்னடா ஆகப்போகுது?” என்றான். “இப்பவாவது கிளறணும்” என்றேன், குரல் என்னை அறியாமல் ஏறிவிட்டது. மேசையிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தான். “அன்னைக்குக் கத்தினது நான்தான். எனக்கும் அதுல பங்கிருக்கு” என்றான்.

மூன்றாவது லெவலில் என்ன இருக்கும் என்று கேட்டேன். “ஏதோ தெரு, மொட்டை மாடி, துணிமணி. அழகா இருக்கும். ரொம்ப நீளம்” என்றான்.

மார்ச் 19, புதன்

அலுவலகத்துக்கு மட்டம் போட்டேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் கணினிமுன் உட்கார்ந்து புகைபோக்கியைத் தொடாமல் இரண்டாம் லெவலைத் தாவி முடித்தேன். ஐம்பது வயதை எட்டப்போகும் விரல்கள், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குடைக்காரன் முப்பத்தெட்டுத் தடவை செத்தான். மனைவி எட்டிப் பார்த்து, “நல்ல வேளை, இவர் நிஜத்துல கூரை ஏறறதில்ல” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்றேகாலுக்கு மூன்றாவது லெவல்.

முதலில் ஒரு இரும்பு கேட், பாதி நீலம், பாதி துரு. எங்கோ பார்த்த கேட். அடுத்து ஒரு தையல்கடைப் பலகை, நடுவில் ஓர் எழுத்து உதிர்ந்திருக்கிறது. அதன் மேலே தாவினால் கயிற்றால் இழுத்துக் கட்டிய ஆன்டெனா. கயிற்றைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கயிற்றைக் கட்டியது நான்.

எங்கள் தெரு. நாங்கள் வளர்ந்த தெருவை முழுசாக, வீடு வீடாக வரைந்து வைத்திருக்கிறான். பனியனோடு பேப்பர் படிக்கும் கம்பவுண்டர் மாமா. மூன்று காலில் நொண்டும் செம்பட்டை நாய். குழாயடியில் வரிசையாகக் குடம், வரிசையில் எங்கள் நசுங்கின குடம். எங்கள் வீட்டு மாடியில் அம்மா. ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போடுகிறாள், உதறுகிறாள், போடுகிறாள். மொத்தமே பதினாறு புள்ளி உயரம், முகம்கூட இல்லை. உதறுமுன் ஒரு தோளைத் தூக்குவாளே, அது இருக்கிறது. அம்மா போய் ஒன்பது வருடம்.

அதற்கு அடுத்த மாடியில் இரண்டு பையன்கள். பெரியவன் ஒரு ரேடியோவைப் பிரித்துப்போட்டுக் குனிந்திருக்கிறான். சின்னவன் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பெரியவன் கை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் வெளிச்சம் போகிறது.

அழுதேன். எழுத வெட்கமில்லை, நன்றாகவே அழுதேன். குடைக்காரன் அந்த மாடியிலேயே நின்றான். நேரம் தீர்ந்து செத்தான்.

மார்ச் 20, வியாழன்

மறுபடி ஆடினேன். வேலை ஒன்றும் நடக்கவில்லை.

இந்தப் பதிப்பில் 'படங்கள்' என்று போட்டு அவன் பெயர் முதல் திரையில் வரும். அன்று அவன் வேலையை விட்டதும் எடுத்துவிட்டிருந்தோம், அதையும் நான்தான் எடுத்தேன். குறுக்கு வழிக்கு என் பெயர் போடுமாறு சொல்லிவிட்டேன், எடுக்க மறந்தவர் என்று. முதலாளி இதற்குத் தலையாட்டினான். வழியை மூடலாமா என்றதற்கு மட்டும், “அதை மூடினா என்னை அடிக்க வருவாங்கடா” என்றான். இருக்கட்டும்.

மார்ச் 22, சனி

இன்று அவன் மனைவியின் எண்ணுக்கு அழைத்தேன். “ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வச்சிருக்கார் மாமா, நீங்களே கேளுங்க” என்று சொல்லிவிட்டு அவனிடம் கொடுத்துவிட்டாள்.

ஹலோகூடச் சொல்லவில்லை. நானும் மன்னிப்பு என்று ஆரம்பிக்கவில்லை. கேட்டிலிருந்து தொடங்கினேன். தையல்கடை, கயிறு, கம்பவுண்டர் மாமா, நாய், குடம் என்று கண்ட வரிசையில் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா போர்வை உதறுமுன் தோளைத் தூக்குவதையும் சொன்னேன்.

“டார்ச் பிடிச்சது நீ” என்றேன்.

“பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு அதுக்கும் திட்டினே.”

“திட்டினேன்.”

மூக்கை உறிஞ்சினான். “அப்பாவைப் பார்த்தியா?”

“அப்பாவா? இல்லையே. எங்க?”

“தண்ணித்தொட்டி மேல ஏறி இடது பக்கம் போகணும்.”

“எல்லாம் வலது பக்கம்தானேடா போகும்?”

“வழி வலது பக்கம்தான். அப்பா இடது பக்கம் இருக்கார். சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு.”

“நாளைக்கு வரட்டுமா?” என்றேன்.

“உன்னை நம்பிச் சொல்லி ஆகாது. வா, நானே காட்டறேன். கணினியைக் கொண்டுவா, முதுகை மட்டும் பிடிச்சுக்காதே.”

மார்ச் 23, ஞாயிறு

காலை ஒன்பதுக்குப் போனேன். ஒரே விசைப்பலகை, செத்தால் அடுத்தவன் முறை. என்னைவிட மோசமாக ஆடுகிறான். முதலில் அப்பாவைப் பார்த்தோம். அப்புறம் நான் கவனிக்காத ஜன்னல்கள், ஜன்னலுக்குள் இருப்பவர்கள், ஒவ்வொருவராக. அந்த எட்டு மாதத்தில் பேசாததை எல்லாம் பேசினான். இடையில் ஒரு துண்டுத்தாள் எடுத்து, கம்பவுண்டர் மாமாவின் மூக்கு இப்படியல்லவா இருந்திருக்க வேண்டும் என்று போட்டுக் காட்டினான். நான் தாளை நகர்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்ப மாலை ஆறாகிவிட்டது. நாலாம் லெவலுக்கு இன்னும் போகவில்லை. அவன் விடமாட்டேன் என்கிறான்.