இசைத்தட்டு சிக்கவில்லை

என் வாண்டுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம், கீழ்வீட்டுப் பல் மருத்துவர்தான் அவ்வளவு நலமாக இல்லை, அதற்கு நீதான் காரணம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நீ அனுப்பிய உன் பாட்டின் மாதிரி இசைத்தட்டு வந்துவிட்டது. போனமுறை வந்தபோது அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய டிஸ்கோ தட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போய், துண்டு துண்டாக வெட்டி டெக்னோ என்கிற உன் இடிச்சத்த இசை ஆக்கியிருக்கிறாய், அவர் வேண்டாம் என்றால் வெளியிடவே மாட்டேன் என்று போனில் அழுதாயே, அதனால் நீ அனுப்பியது என்பதைத் தவிர அவரிடம் ஒன்றும் சொல்லாமல் தட்டைப் போட்டுவிட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பதுபோல் நின்றேன். உரித்தது ஒன்றுதான்.

ஒரு பெண் குரல் பாதி வரி பாடியது. மறுபடி அதே பாதி. மறுபடி. அப்பா எழுந்து வந்து ஊசியைத் தூக்கிச் சற்றுத் தள்ளி வைத்தார். அதே பாதி. "தட்டு சிக்கிக்கிச்சுடி, பாவம், புள்ளைய யாரோ ஏமாத்திட்டான்" என்று துடைத்தார். ஊதினார். பேருந்து ஓட்டுகிற மனிதர், எதுவும் நின்ற இடத்திலேயே சுற்றினால் அவருக்குப் பொறுக்காது. சிரிப்பை அடக்கிக்கொண்டு "சிக்கலைங்க, அதுதான் பாட்டே" என்றேன்.

அப்புறம் அந்த 'டிக்' வந்தது. தாளத்துக்கு நடுவில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. அப்பா துணியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தட்டருகே கொண்டுபோனார். சின்ன வயதில் பொம்மைக் காரைத் தட்டின் மேல் ஏற்றி ஊர்வலம் விட்டாயே, அந்தக் கீறல். "இது என் தட்டு" என்றார். நான் கத்தியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். "கழுதை, அது போட்ட கீறலையும் விடாம வச்சிருக்கு பாரேன்" என்று சொல்லிக்கொண்டே தோளைக் குலுக்கினார், பிறகு இடுப்பை, பிறகு என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு என்னையும் இழுத்தார். தரை அதிர்ந்து, பல் மருத்துவர் கையுறையோடு ஓடிவந்து "மேடம், கீழ என் கையே ஆடுது" என்றார், அவர் பின்னாலேயே பாதி வாய் மரத்துப்போன ஒரு நோயாளி, அந்த ஆளின் தலை மட்டும் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது. "உக்காருங்க டாக்டர், எம்பொண்ணு பாட்டு, முழுசா கேட்டுட்டுப் போங்க" என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார்.

ஆக, வெளியிடு. காதில் பஞ்சு வைத்துக்கொள், உன் பச்சைக் கோட்டில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொள். நீயும் உன் சத்தமும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், அப்பா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார்: அந்த 'டிக்' போதவில்லையாம், இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்க வேண்டுமாம்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு,
அம்மா