தானாக நின்ற வண்டி

மார்ச் 3, செவ்வாய்

வண்டியை மாற்றிவிடலாம் என்று இன்று நான்காவது முறையாகச் சொன்னேன். மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தவே இல்லை. "வண்டிக்கு என்ன குறைச்சல்? ஒன்பது வருஷத்துல ஒரு நாள் நடுரோட்டுல நின்னிருக்கா? நீங்கதானே அதைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுவீங்க. இப்ப என்ன திடீர்னு?"

ஏசி குளிர்வதில்லை என்றேன். மாமாவுக்கு ஏறி இறங்கச் சிரமம் என்றேன். மாமா என்றால் அவளுடைய அப்பா. எங்களோடுதான் இருக்கிறார். சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் அழைத்துப் போகிறேன். உள்ளறையிலிருந்து அவர் குரல் வந்தது: "என் பேரைச் சொல்லி யாரும் கார் வாங்க வேணாம்பா. நான் ஏறி இறங்கறதே இன்னும் எத்தனை நாளோ." அவருடைய வேடிக்கைப் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

நான் சொன்னதெல்லாம் பொய். ஏசி நன்றாகக் குளிர்கிறது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, குறை எனக்கு. போன ஜூலையில் கண் டாக்டர் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது. பக்கப் பார்வை சுருங்கிவிட்டது. இடது பக்கம் ஏறக்குறைய இல்லை. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். "இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

எட்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இது யாருக்கும் தெரியாது. இந்த நோட்டுக்கு மட்டும் தெரியும். நோட்டு, நான் லிப்ட் பழுதுபார்க்க எடுத்துப் போகும் வேலைப் பையில், திருப்புளிகளுக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

மருந்து போடும்போது பார்த்துவிட்டாள். கண் எரிச்சல் என்றேன். "எப்பப் பாத்தாலும் லிப்ட் குழிக்குள்ள தலையை விட்டா தூசி விழாதா?" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அவளே சோறு போட்டுக் கொடுக்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஷோரூம் போனோம். நம் வண்டியே, புது மாடல். மூக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள் மனைவி. மகள் மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து திறந்து மூடினாள். நான் பார்க்க வந்தது வேறு. நான்கு பக்கமும் கேமரா. பக்கத்தில் ஆள் வந்தால் கண்ணாடியில் ஒரு விளக்கு எரியும். கோடு தாண்டினால் ஸ்டியரிங் அதிரும். குறுக்கே யாராவது வந்தால் தானாக பிரேக் பிடிக்கும். விற்பனையாளர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அழுதுவிடுவேனோ என்று டயரைக் குனிந்து பார்த்தேன்.

"சாருக்கு டயர் மேலதான் கண்ணு" என்று சிரித்தார் அவர்.

திரும்பும்போது வழக்கம்போல மகள் முன்சீட்டில். அவளுக்குப் பதினேழு வயது. ஆகஸ்டிலிருந்து அவள்தான் என் 'கோ-பைலட்'. சந்திப்பு வந்தால், "கோ-பைலட், இடது பக்கம்?" என்பேன். "க்ளியர் கேப்டன்!" என்பாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் போனைப் பார்த்துக்கொண்டே "க்ளியர்" என்றுவிட்டாள். ஒரு சைக்கிள்காரர் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. ஆளை நான் பார்க்கவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாக லிப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். ஆரம்பத்தில் லிப்டுக்குள் ஸ்டூல் போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். கதவை அவர் மூடுவார், அவர் திறப்பார். இப்போது அந்த ஆள் எங்கே? கதவு ஓரத்தில் சென்சார் இருக்கிறது. கையை நீட்டினால் கதவு ஒதுங்குகிறது. கைக்குழந்தையோடு ஏறுகிறார்கள், கண் தெரியாதவர்கள் ஏறுகிறார்கள், யாரும் பயப்படுவதில்லை. அப்படியென்றால் காரில் மட்டும் என்ன? ஆள் பாதி, சென்சார் பாதி. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

சரியாக வருகிறதா? பின் ஏன் இதை வீட்டில் சொல்ல முடியவில்லை?

ஓட்டுவதை நிறுத்தினால் மாமாவை யார் அழைத்துப் போவது? என் வேலை என்ன ஆகும்? ஒரு நாளைக்கு ஏழெட்டு கட்டிடம் சுற்ற வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்காத நான் இந்த வீட்டில் யார்? மூலையில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

கண் ஆஸ்பத்திரிப் பரிசோதனையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். தெரியாதபோதும் ஒரு தாளத்துக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். மெஷின் கண்டுபிடித்துவிட்டது. "யாரை ஏமாத்தறீங்க?" என்று டாக்டர் கேட்டார். திட்டவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார்.

மார்ச் 14, சனி

இன்று எழுத்து கோணல்.

ஓட்டிப் பார்க்கப் புது வண்டியைக் கொடுத்தார்கள். முன்சீட்டில் விற்பனையாளர் உட்கார்ந்துகொண்டார், மனைவியும் மகளும் பின்னால். கோ-பைலட் இல்லை. பரவாயில்லை, சென்சார் இருக்கிறதே என்று நினைத்தேன். பெரிய சாலையில் வெண்ணெய் மாதிரி போனது. பிறகு கடைத்தெருப் பக்கம் திரும்பினேன். சாலை காலி. காலி என்றுதான் எனக்குத் தெரிந்தது. திடீரென்று பீப் பீப் என்று அலறி, வண்டி தானாகக் குத்தி நின்றது. பெல்ட் நெஞ்சை இறுக்கியது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

எதற்கு நின்றது? முன்னால் ஒன்றும் இல்லையே. தலையை நன்றாக இடது பக்கம் திருப்பிய பிறகுதான் அவரைப் பார்த்தேன். தண்ணீர் கேன் ஏற்றிய தள்ளுவண்டி, அதைப் பிடித்தபடி ஒருவர், என்னையே பார்த்துக்கொண்டு. பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் ஒரு முழம்கூட இல்லை. நல்ல வெயில். மஞ்சள் சட்டை வேறு.

விற்பனையாளர் கை தட்டினார். "பாத்தீங்களா சார்! பாத்தீங்களா! காசு குடுத்தாலும் இப்படி ஒரு டெமோ கிடைக்காது!"

பின்னாலிருந்து மனைவி என் தோளைத் தொட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. "இந்த வண்டியே எடுத்துடலாங்க. நான்தான் புரியாம வேணாம் வேணாம்னு சொல்லிட்டேன்."

ஒரு மாதமாக அவள் வாயிலிருந்து வராதா என்று காத்திருந்த சொல். பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். எங்கே போட வேண்டும் என்று அவர் விரல் வைத்துக் காட்டினார்.

மார்ச் 15, ஞாயிறு

பழைய வண்டியாக இருந்திருந்தால் அந்தத் தள்ளுவண்டிக்காரர் செத்திருப்பார். காலையிலிருந்து இதே ஒரு வரி.

மார்ச் 18, புதன்

பழைய வண்டியை மதிப்பிட ஷோரூமிலிருந்து ஒருவர் வந்தார். கையில் காரின் படம் அச்சடித்த தாள். கீறல் இருக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் குறிக்க வேண்டுமாம். சுற்றி வந்து தாளைக் காட்டினார். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் அம்மை போட்டதுபோல் இருந்தது.

"எல்லாம் இந்த ஒரு வருஷத்துக் கீறல்தான் சார். துரு ஏறல பாருங்க" என்றார்.

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். தாளை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பார்க்கிங்ல எவனோ உரசிட்டுப் போறான்" என்றேன். "எல்லாரும் ஒரே பக்கமாவா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். என்ன பிறவி நான்.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிப்ட் கதவு சென்சார் போய்விட்டது. சென்சார் போனால் கதவு மூடாது, லிப்ட் நகராது, அப்படித்தான் அமைத்திருக்கிறோம். போய்ப் பார்த்தால் லிப்ட் ஜோராக ஓடுகிறது. யாரோ ஒரு துண்டு வயரால் சென்சாரை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சென்சார் நன்றாக இருப்பதாக லிப்ட் நம்பிக்கொண்டிருக்கிறது. வயரைப் பிடுங்கி, லிப்டைப் பூட்டினேன்.

சங்கச் செயலாளர் சண்டைக்கு வந்தார். "ரெண்டு நாள்தானே சார்? திங்கக்கிழமை புதுசு போட்டுடறோம். மேல வயசானவங்க இருக்காங்க, அவங்க எப்படி இறங்குவாங்க?"

இருபத்தாறு வருடமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "உங்க வீட்டுக் குழந்தை ஏறும்னா இதை விடுவீங்களா?"

சொல்லி முடித்த பிறகும் அவர் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார், ஒன்றும் காதில் விழவில்லை. பிடுங்கிய வயர் கையிலேயே இருந்தது. நான் வாங்கப் போகும் வண்டியும் இதுதான். எனக்குப் போடும் ஒட்டு. அதை வாங்கும் வரைக்கும் ஒட்டு என் மகள்.

ஊருக்குத்தான் உபதேசம்.

சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன். வண்டி அங்கேயே நிற்கிறது. பேட்டரி மக்கர் என்று சொல்லியிருக்கிறேன். இதுதான் கடைசிப் பொய்யாக இருக்கட்டும்.

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன்.

மகள் டியூஷன் போயிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், ஜூலை, சொட்டு மருந்து, கீறல்கள், தள்ளுவண்டிக்காரர். பாதியில் மடிப்பதை நிறுத்தினாள். என் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்க்கவில்லை, அழவில்லை. "ஐயோ, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று கட்டிக்கொள்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. என்ன ஆசை பாருங்கள்.

"கோ-பைலட்" என்றாள். அவ்வளவுதான் முதலில். பிறகு, "அந்தப் பொண்ணைக் கண்ணா வெச்சு ஓட்டியிருக்கே. எட்டு மாசம். எங்கப்பாவை ஏத்திக்கிட்டு, என்னை ஏத்திக்கிட்டு. நீ எங்களை என்னன்னு நெனச்சே?"

கல்யாணமாகி இருபது வருடத்தில் என்னை அவள் 'நீ' என்றது இன்றுதான்.

பயமா இருந்துச்சு, அதான் — என்றேன். வேறு என்ன சொல்ல? பயமாத்தான் இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு.

"உனக்கு மட்டும் பயமா இருந்தாப் போதுமா?" என்றாள்.

அவளே ஷோரூமுக்குப் போன் செய்தாள். "வண்டி வேணாம். கேன்சல் பண்ணிடுங்க. … காரணமா? ஓட்ட ஆள் இல்ல."

மார்ச் 23, திங்கள்

டயாலிசிஸுக்கு மாமாவும் மனைவியும் டாக்ஸியில் போனார்கள். நானும் கூடப் போனேன். மாமா வழியில் சொன்னார்: "மாப்ள, நீங்க ஓட்டறப்ப நான் பின்னால கண்ணை மூடிக்கிட்டுத்தான் வருவேன். ரெண்டு பேருமே பாக்கல, விடுங்க." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மகள் என்னோடு பேசுகிறாள். ஆனால் அந்த சைக்கிள்காரரைப் பற்றிக் கேட்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பத் திரும்ப என் வாயால் சொல்ல வைத்தாள். "நான்தானேப்பா க்ளியர்னு சொன்னேன்?" இந்தக் கேள்வியை அவளுக்குக் கொடுத்தவன் நான். இதற்குச் சொட்டு மருந்து கிடையாது.

ஏப்ரல் 2, வியாழன்

அலுவலகத்தில் சொன்னேன். புகார் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். போனை எடுத்து, எந்தக் கட்டிடம், எந்த மாடியில் நிற்கிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எழுதிக்கொள்ள வேண்டும். பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மனைவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. மகள் சொல்லித் தெரிந்தது.

மே 9, சனி

க்ளட்ச் எப்போது விடுவது என்று நான் சொல்லித் தரட்டுமா என்றேன். "வேணாங்க" என்றாள். 'ங்க' திரும்பி வந்திருக்கிறது. வேறு எதுவும் வரவில்லை.

ஜூன் 27, சனி

இன்று அவள் தனியாக மாமாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்க் கொண்டுவந்து சேர்த்தாள். பழைய வண்டியில்தான். மூன்றாவது சாலைத் தேர்வில் லைசென்ஸ் கிடைத்தது. பால்கனியில் நின்று பார்த்தேன். வாசலில் திரும்புமுன் நிறுத்தி, இரண்டு பக்கமும் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். ஒரு முறைக்கு இரண்டு முறை.

சாயங்காலம் வண்டியை உள்ளே துடைக்கலாம் என்று போனேன். அதையாவது செய்யலாமே. கதவைத் திறந்து, ஒன்பது வருடப் பழக்கத்தில் உட்காரப் போனேன். உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது, வயிறு நசுங்கியது. சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்திருக்கிறாள். கை தானாகக் கீழே போய், சீட்டைப் பின்னால் தள்ளும் பிடியைத் தேடிப் பிடித்தது.

கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, சீட்டை அப்படியே விட்டு, பக்கவாட்டில் மெதுவாக இறங்கி, வெளியில் நின்றபடியே துடைத்தேன்.