காகங்களுக்குச் சொல்லாத சாவு

ஓல்டர்பி, நார்த்தாம்டன்ஷயர்
டிசம்பர் 2, 1883

அண்ணன் ஜேபஸ் அறிய,

இம்மடலைச் சட்டைப்பையில் ஒளிக்காதே. அடுக்களைக்குக் கொண்டுபோ, உரக்கப் படி. நெதர்கோட் பண்ணையின் உழவர்களே, ஆடு மேய்ப்பவர்களே, பால் கறக்கும் பெண்களே, கேளுங்கள்! உங்கள் ஜேபஸ் டெபட் தம் தாயைப் புதைத்தார்; அத்தாய் பெற்ற ஒரே மகளுக்கு ஆள் அனுப்பவில்லை! ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் எனக்கு அதைச் சொன்னவன் ரொட்டி வண்டிக்காரன். "ஏம்மா, உங்க அம்மாவ செவ்வாக்கிழம அடக்கம் பண்ணிட்டாங்களே, தெரியாதா?" என்றான். ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

செருப்புத் தைப்பவரை மணந்தேன். தெருமுனையில் நின்று செபக்கூடத்துக்காகப் பேசுகிறேன். உன் நிலக்கிழாரை நோக்கி விரல் நீட்டினேன். இவை குற்றமென்றால் என்னை ஒறுத்திருக்கலாம். சாகக் கிடந்தவளை ஏன் ஒறுத்தாய்?

இன்னொன்றும் கேள்வியுற்றேன். நம் பண்ணையில் ஒருவர் இறந்தால், அடுத்துப் பொறுப்பேற்பவர் எல்ம் மரங்களைத் தட்டி, அவற்றில் வாழும் வெள்ளைமூக்குக் காகங்களுக்கு அச்சாவைச் சொல்ல வேண்டும். போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா இறந்த அன்று அம்மா தட்டியதை நாம் இருவரும் பார்த்தோம். நீயோ, சவப்பெட்டிக்கு மேலே கரைந்தன என்று துப்பாக்கியை எடுத்தாயாம். சாவைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஈயக்குண்டைச் சொன்னாய்.

ஒன்றுக்கு மட்டும் விடை எழுது. அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா?

உன் தங்கை,
கெசையா


நெதர்கோட் பண்ணை
சனவரி 10, 1884

தங்கை கெசையாவுக்கு,

உன் மடலை அடுக்களையில் படிக்கவில்லை, அடுப்பில் இட்டேன். உன் பேச்சைப் போலவே நன்றாக எரிந்தது.

வெள்ளம் பாலத்தை மூடியிருந்தது. ஆள் அனுப்ப வழியில்லை. அம்மா எவர் பெயரையும் சொல்லவில்லை. உறங்கினாள், எழவில்லை. அவ்வளவுதான்.

துப்பாக்கி எடுத்தது உண்மையே. காகங்கள் போய்விட்டன. கிழட்டு உழவன் ஏனோக், "ஒரு தட்டு தட்டிட்டு வாங்கய்யா, கை என்ன தேஞ்சா போயிடும்?" என்றான். "காக்காவுக்குத் தொப்பி கழட்ட நான் என்ன கிறுக்கனாடா?" என்றேன். இப்போது விடியற்காலையில் இரைச்சல் இல்லை. வடகடல் தாண்டி வந்த பூங்குருவிகள் வேலியிலுள்ள சிவப்புப் பழங்களைத் தின்று தீர்க்கின்றன. எனக்கு அவை போதும்.

அம்மாவின் கம்பளிச் சால்வையை வண்டியில் அனுப்பியுள்ளேன். உனக்கு நெஞ்சுச்சளி வரும் காலம் இது.

ஜேபஸ்


ஓல்டர்பி
மார்ச் 20, 1884

அண்ணா,

சால்வை வந்தது. நன்றி சொல்லமாட்டேன், ஆனால் அணிந்திருக்கிறேன்.

செய்தி கேள். உன் காகங்கள் இங்கே இருக்கின்றன! எங்கள் செபக்கூடத்து எலுமிச்சை நிறத்தில் பூக்கும் மரங்களில் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுகின்றன; ஒன்றின் சுள்ளியை மற்றொன்று திருடிச் சண்டையிடுகின்றன. நான் பேசும்போது அவையும் பேசுகின்றன. "அக்கா, உங்களவிடச் சத்தமா கத்தறதுக்கு இப்பதான் ஆள் வந்திருக்கு" என்கிறார்கள் எம் சபை மக்கள்.

நானே போய் மரத்தைத் தட்டினேன். "எங்கம்மா செத்துப்போயிட்டா. நான் அவ மக. இங்கயே இருங்க" என்றேன். அமைதியாகக் கேட்டன. நீ செய்யாததை நான் செய்தேன்.

இனி உன் வயலில் மண்புழுதிக்குள் வேரறுக்கும் புழுக்களைக் கொத்த எவர் வருவார்? ஆள்காட்டிக் குருவிகள் சுற்றிச்சுற்றி அழும், அவ்வளவே. உன் வாற்கோதுமை வாடுக! என் மகிழ்ச்சியை மறைக்கமாட்டேன். எனக்கு மறைக்கத் தெரியாது.

கெசையா


நெதர்கோட் பண்ணை
ஏப்ரல் 29, 1884

அன்புத் தங்கை கெசையாவுக்கு,

குயில் வந்துவிட்டது. தகைவிலான் குருவிகள் கொட்டகை உத்தரத்தில் பழைய கூட்டைத் தேடி வந்துவிட்டன. எல்லாம் வந்தன, எல்ம் மரங்கள் மட்டும் மொட்டையாக நிற்கின்றன.

உன் சாபம் பலித்தது. பயிர் மஞ்சளாகிவிட்டது, ஒரு பிடி பிடுங்கினால் வேர் இல்லை, புழுதான் இருக்கிறது. ஏனோக் போய்விட்டான். "காக்காவே ஏத்துக்காத ஆளுகிட்ட எனக்கு வேல வேணாம்யா" என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். அவனுக்குப் பின் மூவர் போனார்கள். நிலக்கிழாரின் மேலாளர் குதிரையில் வந்து வயலைப் பார்த்தார். இலையுதிர் காலத்தில் குத்தகை வேறு கைக்குப் போகும் என்றார். நான்கு தலைமுறையாய் நாம் உழுத மண், கெசையா.

நீ வா. உன் குரலுக்கு அவை கட்டுப்படுகின்றன. நம் மரங்களைத் தட்டி அழைத்துக்கொடு.

மறுத்தால், மே நடுவில் குஞ்சுகள் கிளைக்கு வரும் நாளில், ஊர் வழக்கப்படி துப்பாக்கியோடு உங்கள் மரத்தடிக்கு வருவேன். எல்லாவற்றையும் சுட்டு, மாவில் பொதிந்து கறி அப்பமாக்குவேன். கெஞ்சுகிறேன், மிரட்டுகிறேன். இரண்டும் மெய்தான்.

உன் அண்ணன்,
ஜேபஸ்


மே 11, 1884, ஞாயிறு

ஜேபஸ்,

இம்மடலைக் கொண்டுவந்து உன் வாசலில் நிற்பவள் பெட்ஸி. அம்மாவுக்குப் பணிவிடை செய்தவள். உன் பால்கொட்டகையை விட்டு என்னிடம் வேலை கேட்டு வந்தவள். சால்வையை என் தோளில் பார்த்ததும் அழுதாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"பெரியம்மா ரெண்டு நாளா கதவையே பாத்துக்கிட்டு, 'கெசையா வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு கேட்டாங்க. நான் படகுல போய்க் கூட்டிட்டு வரேன்னேன். 'வாய மூடுடி, எழவு வீட்டுலயும் அவ பிரசங்கம் பண்ணுவா'ன்னாரு ஐயா. அப்புறம் உள்ள போயி, 'ஆள் அனுப்பினேம்மா, வரமாட்டேன்னுட்டா'ன்னு சொன்னாரு. பெரியம்மா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க."

சுவரைப் பார்த்துச் செத்தாள் என் தாய், நான் அவளை வெறுத்தேன் என்று எண்ணியபடி.

காகங்களை நான் அழைத்துத் தரமாட்டேன். அவற்றின் குஞ்சுகள் இன்று கிளைக்கு வந்துவிட்டன. நேற்று உழவாரன் குருவிகளும் ஊர்த் தேவாலயக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தன. நீ சுட வந்தால் மரத்தைச் சுற்றி எம் மக்கள் நிற்பார்கள். குத்தகை போகிறதா? போகட்டும். மன்னிப்புக் கேட்காதே, அது என்னிடம் இல்லை. கேட்க வேண்டியவள் மண்ணுக்குள் இருக்கிறாள்.

சாளரத்தைத் திற. எல்ம் மரங்களின் கீழே அம்மாவின் சால்வையோடு நிற்பவள் நான். என்னைச் சூழ்ந்து நிற்போர் கிழட்டு ஏனோக்கும், உன்னை விட்டுப் போன மூவரும், ஓல்டர்பித் தெரு முழுவதும். நீ ஊருக்கு மறைத்ததை ஊர் கேட்க வந்திருக்கிறது.

துப்பாக்கியைச் சுவரிலேயே விடு. தொப்பியைக் கழற்று. இறங்கி வா. வெறும் மரமானாலும் தட்டு. "அம்மா கெசையாவைக் கேட்டாள்; நான் பொய் சொன்னேன்" என்று அடிமரத்தில் வாய் வைத்தல்ல, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி, இப்போதே சொல்!

அம்மாவின் மகள்,
கெசையா